முதுகைப் பார்த்து ஊதிய விசில்

ஓடும்போது அந்தச் சாவி என் வலது தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

பைக் சாவி. அதோடு கடை ஷட்டரின் சாவியும் ஒரு பிளாஸ்டிக் வளையமும். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மற்றப் பொருட்கள் சத்தம் போடவில்லை. சாவி மட்டும் முடிச்சுக்குள் அடங்காமல் நழுவி, கால்சட்டைப் பையின் மூலையில் கிடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஓடினால் இடித்தது.

அந்தச் சாவிக்கு உரியவரைச் சற்று முன்புதான் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருந்தேன். பெயர் யாசீன். கோட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில், தன் பைக்குக்குப் பக்கத்தில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். கிளம்பிப் போய்விட அவருக்குத் தோன்றியிருக்கலாம். சாவி கேட்டு உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை. கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு முறை இல்லை.

எனக்கும் இது சங்கடம்தான். ஆட்டம் முடிந்ததும் அதே பைக்கின் பின்சீட்டில்தான் நான் வீடு திரும்ப வேண்டும்.

இன்னும் இருபத்து மூன்று நிமிடம் இருந்தது.

கைக்குட்டை முடிச்சு

இந்தத் தொடரில் இதுவரை என் நிருபர் வேலையைப் பற்றியே எழுதிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள். செஞ்சி வட்டாரத்துக் கால்பந்துப் போட்டிகளுக்குப் பதினெட்டு வருடம் விசில் ஊதியிருக்கிறேன். மைதானத்திலும் எனக்கு "ரிப்போர்ட்டர் சார்" என்றுதான் பெயர். திட்டும்போது மட்டும் "ரெஃப்ரி".

எங்கள் மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. உடை மாற்ற அறை கிடையாது. ராஜகிரிக் கோட்டை மலைக்குக் கிழக்கே ஒரு பொட்டல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வேலிகாத்தான் முள், ஒரு பக்கம் சாலை. ஆட்டக்காரர்களின் மோதிரம், செயின், வாட்ச், வண்டிச் சாவி எல்லாவற்றையும் எங்கே வைப்பது? ஒருமுறை மரத்தடியில் ஒரு துணிப்பைக்குள் வைத்துவிட்டுப் போன செயின் காணாமல் போய்ப் பெரிய ரகளை ஆனது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் வரிசையாக வரும். நான் கைக்குட்டையை விரித்துப் பிடிப்பேன். ஆடுபவர், வெளியே உட்காருபவர் எல்லோரும் தங்கள் பொருளை அதில் போடுவார்கள். இரண்டு அணிக்கு இரண்டு கைக்குட்டை. முடிந்து இரண்டு பையிலும் போட்டுக்கொண்டு எழுபது நிமிடம் ஓடுவேன்.

தாயத்தை மட்டும் யாரும் கழற்ற மாட்டார்கள். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்.

தங்க மோதிரத்தை யோசிக்காமல் என்னிடம் கொடுப்பவன், பத்து நிமிடம் கழித்து ஒரு த்ரோவுக்காக என்னைத் திருடன் என்பான். ஆட்டம் முடிந்ததும் அந்தத் திருடனிடமிருந்தே மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு "வரன் சார்" என்று போவான். இதற்கு நான் பழகவே இல்லை. கடைசிவரை ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பின்சீட்டில் ஒன்பது வருடம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தாலுகா நிருபராக இருந்த காலம் முழுவதும் பஸ்ஸிலும் அடுத்தவர் பின்சீட்டிலுமே செய்தி சேகரித்தேன்.

வீடு தொண்டூரில். யாசீனுக்குச் செஞ்சி கடைத்தெருவில் மெத்தைக் கடை. இலவம் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மெத்தை கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பும்போது என்னை ஏற்றிக்கொள்வார். மாலையில் கொண்டுவந்து விடுவார். கேட்டால், அந்தப் பக்கம் வசூல் வேலை இருக்கிறது என்பார். அப்படி ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையிலும் சட்டைத் தோளிலும் எப்போதும் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். வண்டி வேகமெடுத்தால் ஒவ்வொன்றாகப் பறந்து என் கண்ணாடியில் வந்து உட்காரும்.

"போன வாரம் குடுத்தீங்களே ஒரு கார்னர், அது கார்னரா சார்?"

"கார்னர்தான்."

"பந்து எங்காளு கால்ல படவே இல்ல."

"நான் இறங்கிக்கட்டுமா?"

"இறங்குங்க. நடந்து வாங்க. அப்பத்தான் புத்தி வரும்."

ஒன்பது வருடமும் வழியெல்லாம் இதே பேச்சு. அவர் திரும்பிப் பார்த்துப் பேச மாட்டார்; சாலையைப் பார்த்தபடி காற்றில் கத்துவார். யோசித்துப் பார்த்தால், அந்த மனிதரிடம் நான் அதிகம் பார்த்தது அவருடைய முதுகைத்தான்.

முகம் பார்க்காத வழக்கம்

சின்ன ஊரில் ரெஃப்ரியாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேரைத் தெரியும். ஒருவர் ரேஷன் கடையில் எடை போடுபவர். ஒருவர் கரன்ட் ஆபீஸ். ஒருவருடைய நைனாவுக்கு நான் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுத்திருப்பேன். முகத்தைப் பார்த்தால் இதெல்லாம் ஞாபகம் வரும்.

ஆரம்ப வருடங்களில் நான் முகம் பார்த்துத்தான் ஊதினேன். வேறொரு ஊர்ப் போட்டியில் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். அது அவருக்கு இரண்டாவது. இரண்டு மஞ்சள் என்றால் சிவப்பு. வெளியே போக வேண்டும்.

"நான் இல்ல சார், அவன்" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். அவரும் தலையைக் குனிந்து, "நான்தான் சார், மன்னிச்சிக்கங்க" என்றார். முகம் அவ்வளவு பாவமாக இருந்தது. நம்பினேன். அட்டையை மாற்றி எழுதினேன். தப்பித்தவர் கடைசியில் ஒரு கோலும் போட்டார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவர்கள் இருவருமே ஏறினார்கள். எனக்கு இடம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். பகை எதுவும் இல்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். பல மாதங்களுக்கு நான் எந்த மைதானத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் "நான் இல்ல சார், அவன்" என்று கத்துவார், கூட்டம் சிரிக்கும்.

அதன் பிறகு இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகில் இருக்கும் நம்பரைப் பார்ப்பது. அட்டை காட்டிய பிறகு எதையும் கேட்பதில்லை. உடனே திரும்பிப் பத்தடி நடந்துவிடுவது.

இந்த இரண்டையும் வைத்துப் பதினைந்து வருடம் ஓட்டினேன். நியாயமான ரெஃப்ரி என்று பெயரும் கிடைத்தது.

எட்டு வெளியே, எட்டு உள்ளே

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து சில வாரங்களில் நடந்த போட்டி அது. அரையிறுதி. யாசீன் ஆடிய மேட்டுத் தெரு அணிக்கும் அவலூர்பேட்டை அணிக்கும்.

மேட்டுத் தெரு அணி அதுவரை ஃபைனலுக்குப் போனதே இல்லை. யாசீன் பதினாலு வருடமாக அந்த அணிக்கு ஆடுகிறார். வயது முப்பத்து மூன்று. அன்று வழியில் வண்டியில் சொன்னார்: "இந்த வருசம் போனாதான் சார். முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டங்குது."

அந்த அணியிடம் இருந்தது பதினோரு சட்டை. எங்கள் பக்கம் பெரும்பாலான அணிகள் இப்படித்தான். ஒருவர் வெளியே வந்தால் வியர்வையோடு கழற்றிக் கொடுப்பார். உள்ளே போகிறவர் அதையே மாட்டிக்கொண்டு போவார். அன்று முட்டி வலியால் யாசீன் முதல் பாதியில் உட்கார்ந்திருந்தார். எட்டாம் நம்பரைப் போட்டுக்கொண்டு ஆடியது பாஸ்கர் என்ற இளைஞர். விசில் ஊதிய பிறகும் பந்தைத் தூர உதைத்ததற்காக எட்டாம் நம்பருக்கு மஞ்சள் காட்டினேன். நோட்டில் எழுதினேன்: எட்டு, மஞ்சள்.

இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போட்டிக் கமிட்டியின் செயலாளர் கோவிந்தசாமி வந்து காதருகே குனிந்தார்.

"ஃபைனலுக்கு நீங்கதான் ஊதுறீங்க. கமிட்டியில பேசி முடிச்சாச்சு."

ஃபைனலுக்கு எப்போதும் வெளியூரிலிருந்துதான் ரெஃப்ரி வருவார். உள்ளூர்க்காரனை நம்ப முடியாது என்பது எழுதாத சட்டம். பதினெட்டு வருடத்தில் எனக்கும் ஒரு ஃபைனல் கிடைத்ததில்லை.

அந்த நேரத்தில் மேட்டுத் தெரு கேப்டன் தேவா வந்தார். ஆள் மாற்றம் சொன்னார். நான் நோட்டை எடுத்து எழுதினேன். ஊர்க் கூட்டங்களில் வருடக்கணக்காகப் பழகிய பழக்கம் இது. காது கேட்கும், கை எழுதும், புத்தி வேறு எங்கேயாவது இருக்கும். என் புத்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.

எல்லோரும் கத்துவார்கள்

இரண்டாம் பாதியில் மேட்டுத் தெரு ஒரு கோல் போட்டது. அடுத்த சில நிமிடத்தில் அவலூர்பேட்டைப் பையன் ஒருவன் நடுக்கோட்டருகே பந்தோடு வேகமெடுத்தான். மேட்டுத் தெருக்காரர் ஒருவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். விசில் ஊதினேன்.

சூரியன் ராஜகிரியின் தோளில் இறங்கியிருந்த நேரம். மேற்கே பார்த்தால் எல்லா முகமும் கறுப்பு. எனக்கு முகம் தேவைப்படவில்லை. முதுகைப் பார்த்தேன். எட்டு. நோட்டைப் பார்த்தேன். எட்டு, மஞ்சள். இரண்டாவது மஞ்சளைக் காட்டினேன். தொடர்ந்து சிவப்பு.

மைக்கில் அறிவிப்பாளர் குரல் உடைய, "எட்டாம் நம்பர் ஆட்டக்காரர் வெளியேற்றம்! எட்டாம் நம்பர் வெளியேற்றம்!" என்றார்.

நான் திரும்பிப் பத்தடி நடந்தேன். பின்னால் சத்தம் கிளம்பியது.

"யோவ் ரெஃப்ரி, இன்னாய்யா இது!"

"சார், இது வேற எட்டு சார்! சார்!" இது தேவா.

"பாத்து ஊதுய்யா! காசு வாங்கிட்டான்டா!"

தேவா சொன்னது என் காதில் விழுந்தது. அதில் சந்தேகமில்லை. வேற எட்டு. நான் இல்ல சார், அவன். பஸ்ஸில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. எங்கள் மைதானத்தில் எந்த முடிவுக்கும் ஒரே அளவு சத்தம்தான். சரியான பெனால்ட்டிக்கும் தவறான த்ரோவுக்கும் ஒரே கூச்சல். அதில் எது உண்மை என்று தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

யாசீன் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. திரும்பியபோது எட்டாம் நம்பர் சட்டை கேப்டன் கையில் இருந்தது. கோட்டைத் தாண்டிப் பனியனோடு ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது.

அந்த முதுகைச் சட்டை இல்லாமல் பார்த்தபோதுதான் யார் என்று தெரிந்தது. அப்போதுகூட எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தெரிந்தவன் என்று பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இருபத்து மூன்று நிமிடம்

பத்துப் பேரோடு மேட்டுத் தெரு அணி அந்த ஒரு கோலைக் காத்து நின்றது. கூட்டம் கோட்டுக்கு உள்ளே இரண்டடி வந்துவிட்டது. லைன்ஸ்மேன் கொடியால் தள்ளிப் பார்த்துவிட்டு அவரே உள்ளே வந்து நின்றுகொண்டார். ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வந்து என் காலடியில் வெடித்தது. ராஜகிரியின் நிழல் மேற்குக் கோல் போஸ்ட்டைத் தாண்டி நடுக்கோட்டுக்கு வந்தது. நிழலுக்குள் ஓடும்போது வியர்வை சட்டென்று குளிர்ந்தது.

அவலூர்பேட்டையின் பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றைக் கோல்கீப்பர் வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். ஒவ்வொரு முறை நான் அந்தப் பக்கம் ஓடும்போதும் புளியமரம் கண்ணில் பட்டது. யாசீன் உட்காரவில்லை. வண்டி மேல் சாயவும் இல்லை. சாவி இடித்தது.

கடைசி விசில் ஊதினேன். மேட்டுத் தெரு ஃபைனலுக்குப் போய்விட்டது. கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள், மண்ணில் விழுந்து புரண்டார்கள்.

பிறகு வரிசையாக என்னிடம் வந்தார்கள். கைக்குட்டையை அவிழ்த்துப் பிடித்தேன். ஒவ்வொருவரும் தன் பொருளை எடுத்துக்கொண்டார்கள். "வரன் சார்" என்று யாரும் சொல்லவில்லை. தேவா தன் வாட்சைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஜெயிச்சதால தப்பிச்சீங்க சார்."

கைக்குட்டை காலியானது. பையில் சாவி மட்டும் மிச்சம்.

நோட்டின் பின்பக்கம்

புளியமரத்துக்கு நடந்து போனேன். அறுபது எழுபது அடிதான் இருக்கும். யாசீன் கையை நீட்டினார். சாவியை வைத்தேன்.

"நான் பஸ்ல போயிடறேன் யாசீன்."

"ஏன், என் வண்டி இன்னா பண்ணிச்சு? கூட்டிக்கினு வந்தவன் கொண்டு போய் விட மாட்டனா? ஏறுங்க."

ஏறினேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை. பனியன் மேல் மாட்டியிருந்த அவர் சட்டை காற்றில் உப்பிப் படபடத்தது. அன்று பஞ்சுகூடப் பறக்கவில்லை. வழக்கமாக நிற்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சார், அந்த நோட்ட எடுங்க."

எடுத்தேன்.

"பின்னாடி திருப்புங்க."

திருப்பினேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். ஆபீசில் அதற்காகப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் தெளிவான கையெழுத்தில் இருந்தது: "இடைவேளை. மேட்டுத் தெரு. எட்டு வெளியே (பாஸ்கர்). எட்டு உள்ளே (யாசீன்)."

டீ சுட்டது. கிளாஸைக் கீழே வைத்தேன்.

"தேவா சொன்னாரு, நீங்க எழுதுனீங்க. நான் பக்கத்துலயே நின்னு சட்ட மாத்திக்கினு இருந்தேன் சார்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். 'சார், நான் இப்பதான் உள்ள வந்தேன்'னு ஒருவாட்டி சொன்னேன். நீங்க திரும்பிட்டீங்க."

நோட்டை மூடினேன்.

"இழுத்தது நான்தான். அதுக்கு யெல்லோ கார்டு கரெக்ட். ரெட் இல்ல." டீயை ஒரு வாய் குடித்தார். "ரெட்டு வாங்குனா அடுத்த மேட்ச் ஆடக் கூடாது. அடுத்த மேட்ச் ஃபைனலு. ரிப்போர்ட்டு இன்னும் குடுக்கலையே?"

"நாளைக்குக் கொடுக்கணும்."

"அவ்ளோதான் சார். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ராசிபலன் பக்கத்தில் ஒரு திருத்தம்

மறுநாள் காலை பஸ் பிடித்துச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கோவிந்தசாமி ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அந்த டீமுக்குத் தெரியும்."

"அவங்க ஜெயிச்சிட்டாங்க, கிளப்ப மாட்டாங்க. நீங்க தப்புப் பண்ணேன்னு எழுதிக் குடுத்தா அவலூர்பேட்டைக்காரன் இன்னா சொல்லுவான்? அந்த மேட்ச்சே செல்லாதும்பான். அப்புறம் உங்கள எப்படி ஃபைனல்ல எறக்குறது?" சிறிது யோசித்தார். "நான் ஒரு வழி சொல்றன். நல்ல நடத்தைன்னு சொல்லி கமிட்டி மன்னிச்சி விட்டுடும். அவனும் ஆடட்டும், நீங்களும் ஊதுங்க. யாருக்கும் டென்ஷன் இல்ல."

நல்ல வழிதான். எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. நேரே மெத்தைக் கடைக்குப் போய் யாசீனிடம் சொன்னேன். மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை.

"மன்னிப்பா?"

"ஆமா. ஃபைனல் ஆடலாம்."

"நான் பண்ணாததுக்கு எதுக்கு சார் மன்னிப்பு? அப்ப ரெட்டு ரெட்டாவே இருக்கும். ஐயோ பாவம்னு விட்டாங்கன்னு ஆயிடும்." நூலைப் பல்லால் கடித்தார். "மைக்குல சொன்னான் சார். ஊரே கேட்டுச்சு. எங்க வீட்ல கேட்டாங்க, கடைக்கு வரவன் கேக்கறான். ரெண்டு கார்டு வாங்குற அளவுக்கு இன்னா பண்ணேன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

கடையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மைதானம் அல்ல. என் மேசை.

நிருபராகச் சேர்ந்த புதிதில் ஒரு விபத்துச் செய்தியில் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் ஒருவர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் வேறொருவர். பின்னால் இருந்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். மூன்று நாள் கழித்துப் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நேரில் வந்து இரண்டு நாள் பேப்பரையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்றில் கொட்டை எழுத்துத் தலைப்போடு மூன்று பத்திச் செய்தி. இன்னொன்றில் ராசிபலனுக்குக் கீழே நாலு வரி.

"அத படிச்சவன் எல்லாம் இத படிப்பானா?" என்று கேட்டார். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம்தான். நோட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். ஃபைனலுக்கு முன்னால் அதே மைக்கில் நானே படிக்க அனுமதி வேண்டும் என்று கடைசியில் எழுதினேன்.

கமிட்டி இரண்டு நாளில் முடிவெடுத்தது. யாசீன் மீதான சிவப்பு அட்டை ரத்து. ஆட்டத்தின் முடிவு மாறாது. ஃபைனலுக்குத் திண்டிவனத்திலிருந்து ரெஃப்ரி வருவார்.

கோவிந்தசாமி போனில், "நீங்களே கெடுத்துக்கினீங்க" என்றார். உண்மை. நேர்மையாக நடந்தால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

மைக்

ஃபைனல் அன்று யாசீன் வழக்கமான நேரத்துக்கு வந்தார். "ஏறுங்க" என்றார். ஏறினேன்.

மைதானத்தில் கூட்டம் பாறை மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. மைக்கை வாங்கிக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

"போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் யாசீனுக்கு நான் காட்டிய சிவப்பு அட்டை தவறு. முதல் பாதியில் மஞ்சள் அட்டை வாங்கிய எட்டாம் நம்பர் வேறொருவர். ஆள் மாறியதை என்னிடம் முறைப்படி சொன்னார்கள். நான் எழுதியும் வைத்திருந்தேன். எழுதியதைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது."

காகிதத்தை மடித்தேன். பிறகு பாறை மேலிருந்து ஒரு குரல்: "கண்ணாடிய மாத்துய்யா ரிப்போர்ட்டரு!" மைதானமே சிரித்தது. விசில் அடித்தார்கள். அவலூர்பேட்டைக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து வேறு சில வார்த்தைகளும் வந்தன. அவற்றை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

யாசீன் அணியோடு நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

திண்டிவனத்து ரெஃப்ரி இளைஞர். சட்டை கால்சட்டை எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. அணிகள் வரிசையாக வந்து மோதிரத்தையும் சாவியையும் நீட்டியபோது அவருக்குப் புரியவில்லை. "இதெல்லாம் நான் வாங்க மாட்டேங்க" என்றார்.

வரிசை சற்று நேரம் அப்படியே நின்றது. முதலில் யாசீன் நகர்ந்தார். கோட்டோரம் நின்றிருந்த என்னிடம் வந்து, சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து தேவா வந்து வாட்சைக் கொடுத்தார். பிறகு எதிரணியான மேல்சித்தாமூரின் கேப்டன் வந்தார். நான் கைக்குட்டையை விரித்தேன்.

முப்பதாவது நிமிடம் இருக்கும். மேல்சித்தாமூர்ப் பையன் ஒருவன் பந்தை ஓட்டிக்கொண்டு என் முன்னால் வந்தான். யாசீன் குறுக்கே வந்து காலைத் தட்டிவிட்டார். பந்து அங்கே இல்லவே இல்லை. நான் நாலடி தூரத்தில் இருந்தேன். விசில். மஞ்சள் அட்டை.

"அய்யய்யோ, தொடவே இல்ல சார்! சத்தியமா தொடவே இல்ல சார்! அவனே உழுந்தான்!"

இரண்டு கையும் வானத்துக்கு விரிந்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேட்டுத் தெரு அணி மொத்தமும் ஓடிவந்து கூடவே கத்தியது. ரெஃப்ரி திரும்பி நடந்துவிட்டார். நான் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேட்டுத் தெரு அணி இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. கோல் யாசீன் போட்டது.

திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. நான் பின்சீட்டில். பஞ்சு பறந்தது. டீக்கடை தாண்டியதும் கேட்டேன்.

"தொட்டியா?"

"எத?"

"அந்தப் பையன் கால."

"நல்லாவே தொட்டேன் சார்." அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று முதுகிலிருந்தே தெரிந்தது.

"அப்புறம் எதுக்கு அந்தச் சத்தியம்?"

"இன்னா சார் நீங்க. கார்டு காட்டுனா கத்தணும். கத்தலன்னா டீம்ல மதிப்பாங்களா?"

"இப்படிக் கத்தினா, போன வாரம் நீ சொன்னது மட்டும் நிஜம்னு ரெஃப்ரிக்கு எப்படித் தெரியும்?"

தொண்டூர் திருப்பம் வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். அந்த ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, வண்டி ஓடும்போதே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போன வாரம் நான் கத்தலியே சார்."